துவைத்த துணி

கண்ணாடிக்குள் அந்த அரக்கு நிறப் போர்வை சுற்றிக்கொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம் சம்பூர்ணம் தன் கையால் மடித்து அலமாரியில் அடுக்கிய போர்வை. அதன் பின்னால் மருமகள் தாரணியின் மஞ்சள் சுடிதார் வந்தது, கண்ணாடியில் ஒட்டி ஒரு நொடி கையை விரித்துக் காட்டிவிட்டுக் கீழே போனது. அதுவும் மடித்து வைத்ததுதான். பச்சைத் துப்பட்டா, பூப்போட்ட நைட்டி, தலையணை உறை, எல்லாமே நேற்று வெயிலில் மொடமொடவென்று காய்ந்து மடிபட்டு அலமாரிக்குள் போனவை. இப்போது வெறுந்தண்ணீரில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டன. நுரை இல்லை. பூபதி சோப்புக்கூட ஊற்றவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தது மெஷின். சம்பூர்ணம் கையில் பிழிந்த பாவாடையோடு அதைப் பார்த்தபடி நின்றாள். பாவாடையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் பாதத்தில் விழுந்து விரல் இடுக்கில் ஓடியது, அது ஓடுவதுகூட எங்கோ யாருக்கோ நடப்பது போல இருந்தது. சற்று முன்னால்தான் பூபதி வந்தான், அவள் பெற்ற ஒரே பையன். கை நிறையத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். காலையில் ஓடி முடிந்த துணிகளை இவள் வாளியில் அள்ளிப்போட்டு ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தாள். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்க ஒதுக்கின யுட்டிலிட்டியில் மெஷினும் ஒரு ஆளும் நின்றால் இன்னொரு ஆள் நிற்க இடமில்லை. ‘சித்த நகருங்கம்மா’ என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அம்மாவிடம் அவன் ஒரு நாளும் மரியாதை குறைந்து பேசியதில்லை. துணியை உள்ளே திணித்து, வட்டக் கதவை முட்டியால் அழுத்தி அடைத்து, பொத்தானை அமுக்கினான். ‘இதைக் காயப்போட்டு முடிச்சுட்டு அதையும் எடுத்துக் காயப்போட்டுருங்கம்மா. நானும் தாரணியும் கொஞ்சம் பேசணும்.’ பேசணும். படுக்கையறைக் கதவு சாத்தப்பட்டது கேட்டது. தாழ்ப்பாள் போட்டது கேட்கவில்லை, அதற்குள் தண்ணீர் இரைந்து இறங்கத் தொடங்கிவிட்டது.

பாவாடையை உதறினாள். கொடி மேலே, கூரையை ஒட்டி. அவள் குள்ளம். துணியை மூங்கில் கம்பின் நுனியில் மாட்டித் தூக்கித்தான் கொடியில் போடவேண்டும், போட்டு, கம்பாலேயே இழுத்து விரித்துவிட வேண்டும். அந்த வேலை கைக்குப் பழகிவிட்டது, மனசு கூட வரவேண்டியதில்லை, மனசு கதவடியிலேயே நின்றது. என்ன பேசுவான். காலையில் தோசை தின்றுகொண்டிருக்கும்போது தாரணி சொன்னாள், சட்னியை அவன் தட்டில் ஊற்றிக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல, ‘பழைய கம்பெனியில கூப்பிட்டாங்க. நாளைக்கு வரேன்னு சொல்லிட்டேன்.’ கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தவள் அவள். துணியைத் தொட்டுப் பார்த்தே என்ன நூல் என்று சொல்லிவிடுவாள். பூபதி தோசையைத் தின்றான். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றான். கை கழுவினான். துண்டில் விரல் விரலாகத் துடைத்தான். அப்புறம் போய் அலமாரியைத் திறந்தான். அவ்வளவுதான். கத்தவில்லை, தட்டைத் தூக்கி எறியவில்லை, அவன் அப்பன் மாதிரி இல்லை. அவன் அப்பன் மாதிரி இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். அவிநாசியில் இருக்கிற தங்கச்சி மயிலாத்தாளிடம் போனில் சொன்னாள், போன மாசமோ அதற்கு முந்தின மாசமோ, ‘என்ற பையன் ஞாயித்துக்கிழமையானா அவனே மெஷின் போட்டுருவானாக்கும். நானும் வேண்டாம் அவளும் வேண்டாம்.’ அந்தப் பக்கம் மயிலாத்தாள் பெருமூச்சு விட்டாள். ‘நீ குடுத்து வெச்சவ அக்கா. எங்கூட்டு ஆளு தான் போட்ட பனியன எடுத்து மூலையில போடமாட்டாரு.’ குடுத்து வெச்சவ. அந்த வார்த்தையை அன்று முழுக்க வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். இப்போது அது தொண்டையில் எங்கேயோ எலும்பு மாதிரி குறுக்கே நின்றது.

முதலில் தெரிந்தது இதே போல ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போனபோது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, இவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், சட்டென்று எல்லாம் நின்றுவிட்டது, ஃபேன், ஃபிரிட்ஜ், மெஷின், எல்லாம். கீழே ஜெனரேட்டர் எடுப்பதற்குள் ஒரு கொஞ்ச நேரம் வீடு செவிடு மாதிரி கிடந்தது, அந்தச் செவிட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஈரத் துணியைத் தரையில் அடித்தாற்போல. அப்புறம் இன்னொன்று. நடுவில் ஒரு மூச்சு, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே இழுக்கிற மூச்சு. சம்பூர்ணத்தின் கை அரிசிக்குள் நின்றது. ஜெனரேட்டர் எடுத்தது, மெஷின் விட்ட இடத்திலிருந்து ஓடியது, அரிசித் தண்ணீர் வெள்ளையாக அவள் கையைச் சுற்றிக்கொண்டது. டிவியாக இருக்கும் என்று நினைத்தாள். கரண்ட் இல்லாமல் எந்த டிவி ஓடும். இது அவளுக்கு அப்போதே தெரிந்தது, தெரிந்துகொண்டே டிவி என்று நினைத்தாள், சோறு வடிக்கும்போதும் நினைத்தாள், சாயங்காலம் தாரணி முழுக்கைச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து விளக்கேற்றும்போதும் நினைத்துக்கொண்டிருந்தாள். சித்திரை மாசத்தில் முழுக்கை. வேர்வை அவள் மேலுதட்டில் நின்றது. அதற்கப்புறம் துணிகள் பேச ஆரம்பித்தன. அக்குளில் விட்டுப்போன தையல், கழுத்தோரம் இழுபட்டுத் தொங்கிய லேஸ். ஜாக்கெட்டில் கொக்கி இருக்காது, கொக்கி இருந்த இடத்தில் துணியே பிய்ந்து ஓட்டையாக இருக்கும். நைட்டியில் முதுகுப் பக்கம் ஒரு பழுப்புப் பொட்டு, துவைத்தும் போகாத பொட்டு. வாளியிலிருந்து எடுத்து உதறும்போதெல்லாம் ஒன்று கண்ணில் பட்டது. உதறி, அந்த இடம் உள்பக்கம் போகும்படி மடித்துக் கொடியில் போடுவாள். எதிர் வீட்டு டீச்சர் பார்த்துவிடக் கூடாதே என்று. ஒரு தடவை அடுப்படியில் கேட்டாள்தான். ‘என்ன கண்ணு கையில?’ தாரணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. ‘கதவுல இடிச்சுட்டேன் அத்தை.’ ‘பார்த்துப் போகக்கூடாதா’ என்றாள் இவள். கதவு. சம்பூர்ணத்துக்கும் கதவுதான். அவிநாசி வீட்டில் மொத்தமே மூன்று கதவு, அந்த மூன்று கதவும் புருசன் ராக்கியப்பன் சாகும்வரை அவளை இடித்துக்கொண்டே இருந்தன. அண்ணன் வந்து கேட்டால் கதவு, பக்கத்து வீட்டில் கேட்டால் கதவு, ஆஸ்பத்திரியில் விரலைக் கட்டிய நர்ஸ் கேட்டால் கதவு. நர்ஸ் மேலே ஒன்றும் கேட்கவில்லை, அவள் வீட்டிலும் கதவு இருந்திருக்கும்.

ராக்கியப்பனுக்குக் கை பெரிசு. குளித்துவிட்டு வருகிறவன், தலை துவட்டிய துண்டை முறுக்கிக்கொண்டே வருவான், எதற்கு முறுக்குகிறான் என்பது அவன் முகத்தைப் பார்த்தால் தெரியாது, முறுக்குகிற கையைப் பார்த்தால் தெரியும். முறுக்கிய ஈரத்துண்டு வீசி விழும்போது முதலில் குளிர்ச்சியாக இருக்கும். அதைத்தான் அவள் யாரிடமும் சொன்னதில்லை. முதலில் ஜில்லென்று இருக்கும், அந்த ஜில்லென்ற இடத்திலேயே அப்புறம் தீ வைத்தாற்போல ஏறும். காரணம் கேட்டால் இருக்கும், மோர் புளித்தது, மோர் புளிக்காதது, வாசலில் எவனோ சைக்கிளில் போனது. அடித்து முடித்துத் துண்டை அவள் மேலேயே போட்டுவிட்டுப் போவான். அதையும் அவள்தான் துவைக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் ஒரு கல் இருந்தது, துவைக்கிற கல், அதற்கு முன்னால் குந்த வைத்து உட்கார்ந்து அவன் சட்டையை எடுப்பாள், சோப்புப் போடுவாள், இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடிப்பாள். இது நெஞ்சுக்கு. இது வாய்க்கு. இது அந்தக் கைக்கு. நுரையும் தண்ணீரும் முகத்தில் தெறிக்கும், அவள் நிறுத்தமாட்டாள், பொத்தான் உடையும், காலர் கிழியும், தோள் விட்டுப்போகும், துணி செத்துத் துவண்டு கிடக்கும்வரை அடிப்பாள். சட்டை கிழிந்ததற்குச் சாயங்காலம் மறுபடி அடி விழும். மறுநாள் அதையும் சேர்த்துக் கல்லில் அடிப்பாள். அப்படியே ஒரு ஆயுசு. ஒரு தடவை அவன் மதியச் சோறு தின்றுவிட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கியபோது உலையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சோற்றுப் போசியின் இரண்டு காதையும் துணியால் பிடித்துத் தூக்கினாள். தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். ஆவி அவள் கண்ணில் பட்டது. அந்தத் திறந்த வாயையே பார்த்தாள், உள்ளே ஒரு கடைவாய்ப் பல் சொத்தையாக இருந்தது. அவன் புரண்டு படுத்தான். அவள் திரும்ப வந்து அரிசியைப் போட்டாள். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது. இதெல்லாம் பூபதி பார்த்ததில்லை. இல்லை, பார்த்தான். துண்டு முறுக்குவதைப் பார்த்திருக்கிறான், சாப்பிடுகிற தட்டிலிருந்து கண்ணெடுக்காமல், காதால் பார்த்திருக்கிறான். ‘அம்மா, நான் பெரியவனானா உங்களை டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். இந்தக் கல்லு வேண்டாம், மெஷின் வாங்கித் தரேன்’ என்றான். வாங்கித் தந்தான். சொன்ன சொல் தப்பவில்லை. அப்பன் செத்த வருஷமே அவளைக் கூட்டிவந்து, சரவணம்பட்டியில் இந்த ஃப்ளாட்டை வாங்கினான், குடி வந்த அன்றே மெஷினும் வந்து இறங்கியது. அவள் அதன் தலையில் சந்தனப் பொட்டு வைத்தாள். கல்லில் அடித்த கை இப்போது ஒரு பொத்தானை அமுக்குகிறது, அமுக்கிவிட்டு மடியில் சும்மா கிடக்கிறது. கோபம் வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

‘ஏனுங்க சம்பூர்ணம்மா, இன்னிக்கு மழை வர்றாப்புல இருக்குதுங்களே. காயுமுங்களா?’

திடுக்கிட்டுத் திரும்பினாள். நடுவில் குழாய்கள் இறங்குகிற சந்து, அதற்கு அந்தப் பக்கம் பிலோமினா டீச்சர் வீட்டு யுட்டிலிட்டி. டீச்சர் ரிட்டயரானவள், வாயில் இரண்டு கிளிப்பைக் கடித்துக்கொண்டு வீட்டுக்காரரின் வேட்டியை விரித்துக்கொண்டிருந்தாள். எட்டினால் கை தொடலாம் போன்ற தூரம். இரண்டு வீட்டுக் கம்பித்தடுப்பும் எதிரெதிர்.

‘காஞ்ச வரைக்கும் காயட்டுமுங்க டீச்சர். அப்பறம் உள்ள எடுத்துட்டு ஃபேனுக்கடியில போட்டுக்கலாம்.’

‘ரெண்டாம் தடவை ஓடுதாட்ட இருக்குது?’

‘ஆமாங்க. போர்வையெல்லாம் சேந்து போச்சு.’ சிரித்தாள். சிரிப்பு வந்தது, அது அவளைக் கேட்காமலே வந்து முகத்தில் உட்கார்ந்துகொண்டது. ‘பையன் போட்டுட்டுப் போனானுங்க.’

டீச்சர் வாயிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து வேட்டியின் நுனியில் குத்தினாள். இவளைப் பார்க்கவில்லை. ‘நல்ல பையனுங்க’ என்றாள். மெதுவாகச் சொன்னாள், மெஷின் சத்தத்தில் அவள் உதடு அசைந்ததை வைத்துத்தான் அதைக் கேட்க முடிந்தது.

சம்பூர்ணம் இன்னொரு துணியை எடுத்தாள், தாரணியின் பிளவுஸ், கம்பின் நுனியில் மாட்டினாள், அது வழுக்கி வாளிக்குள் விழுந்தது, மறுபடி மாட்டினாள். மெஷின் ஒரு பக்கமாகச் சுற்றி, நின்று, மூச்சு வாங்கி, மறுபக்கமாகச் சுற்றியது. நிற்கிற அந்த ஒரு மூச்சுதான் ஆபத்து. அந்த ஒரு மூச்சுக்குள் எது வேண்டுமானாலும் கேட்டுவிடும். அதனால் மெஷின் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் அவள் வாளியைக் காலால் நகர்த்தினாள், கரகரவென்று ஒரு சத்தம். அடுத்த தடவை குழாயைத் திறந்துவிட்டாள். அடுத்த தடவை இருமினாள். இருமிவிட்டுத்தான், யாருக்காக இருமுகிறோம் என்று உறைத்தது. மெஷின் விட்ட இடத்தை அவள் நிரப்பிக்கொண்டிருந்தாள். அவனுக்கு வேலைக்காரி மாதிரி, வாசலில் காவலுக்கு நிற்கிறவன் மாதிரி. கை ஈரத்தை முந்தானையில் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். போய்க் கதவைத் தட்டினால் என்ன. தட்டினால் திறப்பான். திறந்து, ‘வெளிய இருங்கம்மா, பேசிட்டிருக்கோம்’ என்பான். மரியாதையாக. அடிக்க வந்தால்கூடத் தேவலை, அடி அவளுக்குப் புதுசில்லை, அடிக்கு உடம்பில் இடமிருக்கிறது. அவன் மரியாதையாகச் சொல்வான், அவள் சரிப்பா என்று திரும்பி வந்துவிடுவாள், அந்த ‘சரிப்பா’வுக்குத்தான் பயந்தாள். எங்கே போவது. ஊர் வீட்டை விற்றுத்தான் இந்தச் சுவர். மயிலாத்தாள் வீட்டுக்குப் போனால் என்ன சொல்வது. மாப்பிள்ளைமார் கேட்பார்கள், சொந்தம் ஒறம்பரையெல்லாம் கேட்கும், பையன் கைவிட்டுட்டானா என்று கேட்பார்கள், இல்லையே, மெஷின் வாங்கித் தந்தானே. கண்ணாடிக்குள் பார்த்தாள். பச்சைத் துப்பட்டா போர்வையின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு இறுகியிருந்தது. போர்வைக்கு ஏது கழுத்து. துணிதான் அது, வெறும் துணி, தண்ணீரில் கிடக்கிற துணி. மஞ்சள் சுடிதார் கண்ணாடியில் வந்து அப்பியது, வாயை அடைத்த மாதிரி. இப்போது மெஷின் கதவை இழுத்தாலும் திறக்காது. ஓடும்போது பூட்டிக்கொள்ளும், உள்ளே எது இருந்தாலும் அது முடியும்வரை யாரும் எடுக்க முடியாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நாளைக்கு வேலைக்குப் போகிறேன் என்றாளே. முகத்தில் அடித்தால் போகமுடியாது. இத்தனை நாள் முகத்தை விட்டிருந்தான். இன்றைக்கு முகத்தில்தான் அடிப்பான். அவள் இதை நினைத்தது எவ்வளவு தெளிவாக, எவ்வளவு நிதானமாக, ஏதோ குழம்புக்குப் புளி கூடுதலா குறைச்சலா என்று நினைப்பது போல. ராக்கியப்பனும் அப்படித்தான், பூமிதித் திருவிழாவுக்கு அண்ணன் அழைக்க வந்த அன்றைக்கு மட்டும் முகத்தில் அடித்தான். இந்தக் கணக்கெல்லாம் இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது. தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் காதால் பார்த்தானே. அவள் சொன்ன கதவுகளையும் கேட்டிருப்பான். அடித்தால் வெளியே சொல்லமாட்டார்கள் என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அப்பன் இல்லை.

மெஷின் தண்ணீரை வெளியேற்றியது. குழாயில் கொடகொடவென்று இறங்கியது. அப்புறம் கடைசிச் சுற்றுக்கு ஏறத் தொடங்கியது. முதலில் ஒரு முனகல், பிறகு இரைச்சல், பிறகு தரையே அதிர்ந்தது, மேலே கொடியில் கிளிப்புகள் கிலுகிலுத்தன, வாளித் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுங்கியது. கண்ணாடிக்குள் துணி எல்லாம் காணாமல் போய், சுவரோடு ஒட்டிய ஒரு நிறமாக, நடுவில் கருப்பு ஓட்டையாக ஆனது. இந்தச் சுற்றின்போதுதான். அதுவும் அவளுக்குத் தெரியும், போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் இந்த இரைச்சல் அடங்கி முடிந்ததும்தான் அவன் வியர்த்த முகத்தோடு வெளியே வந்து தண்ணீர் கேட்பான், இவள் சொம்பில் கொடுப்பாள். சொம்பில் கொடுப்பாள். அவன் அண்ணாந்து குடிப்பதை, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், பிள்ளைக்கு எவ்வளவு தாகம் என்று. சம்பூர்ணத்தின் கை சுவருக்குப் போனது. தீர்மானித்தாளா என்று பின்னால் யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கை போனது, விரல் சுவிட்சைக் கீழே தட்டியது, அவ்வளவுதான். இரைச்சல் இறங்கியது. டிரம் தன் வேகத்திலேயே கொஞ்சம் ஓடி, தளர்ந்து, ஒரு பக்கம் கனத்த துணி தட்டித் தட்டி, நின்றது. வீடு முழுக்கத் திறந்துகொண்டாற்போல இருந்தது. படுக்கையறையிலிருந்து சத்தம் வந்தது, தட்டையான, சதையில் விழுகிற சத்தம், அவனுக்கு மெஷின் நின்றது இன்னும் உறைக்கவில்லை, அந்தக் கை பழகிய வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே தாரணியின் குரல். அழவில்லை. கடைக்காரனிடம் பேசுகிற மாதிரி, நயமாக, ‘தலையில வேண்டாங்க. தலையில மட்டும் வேண்டாங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் டீச்சரின் கை வேட்டியின் மேல் அப்படியே நின்றது.

சத்தம் நின்றது. தாழ்ப்பாள் திறந்தது. பூபதி வந்தான். பனியன் நெஞ்சோடு ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது.

‘என்னம்மா, கரண்ட் போயிருச்சா?’

சமையலறை ஃபேன் அவன் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

‘இல்ல. நாந்தான் நிறுத்துனேன்.’

‘ஏன்?’

‘கேக்கட்டும்னு.’

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கம்பித்தடுப்பு வழியாக எதிர் வீட்டைப் பார்த்தான். டீச்சர் அங்கே இல்லை, வேட்டி மட்டும் ஆடியது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். ‘நீங்க போய் ஹால்ல உக்காருங்கம்மா. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.’ சொல்லிக்கொண்டே அவளைத் தாண்டி சுவிட்சுக்குக் கையை நீட்டினான்.

மணிக்கட்டில் விழுந்தது அடி. கம்பு தன் கையில்தான் இருக்கிறது என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அவன் கையை இழுத்துக்கொண்டான், வலியைவிட ஆச்சரியம்தான் முகத்தில் இருந்தது. ‘அம்மா?’ என்றான். இரண்டாவது அடி தோளில். மூன்றாவது முழங்கையில், எலும்பில் பட்ட சத்தம். அவன் பின்வாங்கினான், யுட்டிலிட்டியில் பின்வாங்க இடமில்லை, மெஷின்மேல் இடித்து, கால் வாளியில் சிக்கி, ஈரத் துணிகளோடு சேர்ந்து தரையில் விழுந்தான். அவ்வளவு பெரிய உடம்பு, தலையைக் கைகளுக்குள் சுருட்டிக்கொண்டு கிடந்தது. அவள் அடித்தாள். முதுகில் அடித்தாள், தொடையில் அடித்தாள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய முதுகு அது, அம்மை போட்டபோது வேப்பிலையால் தடவிக் கொடுத்த முதுகு, அதே முதுகில் மூங்கில் பட்டுப் பனியன் கிழிந்து சிவப்பாக ஒரு கோடு ஏறியதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அடித்தாள். இனித்தது. அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. தோளிலிருந்து விரல் நுனிவரை வெந்நீர் இறங்குகிற மாதிரி ஒரு சுகம், உடம்பில் இத்தனை வருஷம் கெட்டியாகிக் கிடந்தது எல்லாம் இளகி, ஒவ்வொரு அடிக்கும் இன்னும் ஒன்று கேட்டது. இதுதானா. இதுக்குத்தானா அந்த மனுசன் மோரைச் சாக்குச் சொன்னான். இவனும் இதுக்குத்தானா ஞாயிற்றுக்கிழமை வரக் காத்திருக்கிறான். கையை நிறுத்தச் சொன்னாள், கை நிற்கவில்லை. அவள் வாய் ஏதோ கத்திக்கொண்டிருந்தது, பூபதியின் பெயரா, ராக்கியப்பனின் பெயரா, அவளுக்கே விளங்கவில்லை.

கம்பின் மறுமுனையை யாரோ பிடித்தார்கள்.

‘போதுமுங்க அத்தை.’

தாரணி. நைட்டியின் தோள் கிழிந்து தொங்கியது. கீழுதடு பிளந்து, ஒரு கண் பாதி மூடி, அந்தப் பக்கக் கன்னம் யாருடையதோ போல வீங்கியிருந்தது. மற்ற கண்ணால் நேராகப் பார்த்தாள். கீழே கிடக்கிறவனை அவள் பார்க்கவே இல்லை.

‘விடுங்க அத்தை. கம்பைக் குடுங்க. இவன் செத்துக்கித்துப் போனா நீங்கதான் உள்ள போவீங்க.’

இவன். அந்த வார்த்தையில்தான் சம்பூர்ணத்தின் விரல்கள் பிரிந்தன. தாரணி கம்பை வாங்கி, ஓரமாகச் சுவரில் சாத்தி வைத்தாள், விழாமல் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தும் கொண்டாள். அதற்குள் வாசலில் மணி அடித்தது. விடாமல் அடித்தது. சம்பூர்ணம் வாசலுக்கு நடந்தாள், முந்தானை எங்கேயோ கிடந்தது. மணி அடித்தால் என்ன சொல்வது என்பது அவளுக்கு மனப்பாடம். ஒண்ணுமில்லீங்க, பாத்திரம் விழுந்துருச்சுங்க. ஒண்ணுமில்லீங்க, கதவுல இடிச்சுட்டாளுங்க. நாக்கு அந்த இடத்துக்குத் தானாகப் போய் நின்றது. கதவைத் திறந்தாள். பிலோமினா டீச்சர், கையில் இன்னும் அந்தக் கிளிப்போடு, செருப்புப் போடாமல் நின்றாள்.

‘என்ற பையன் பொண்டாட்டிய அடிக்கறானுங்க’ என்றாள் சம்பூர்ணம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள், படிக்கட்டுவரை கேட்கும்படி. ‘என்ற பையன் அவன் பொண்டாட்டிய அடிக்கறானுங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். சத்தம் வெளிய போகாம இருக்க மெஷின ஓட விட்டுட்டு.’

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். ‘தெரியுமுங்க’ என்றாள்.

‘என்னங்க?’

‘உங்க பெட்ரூம் செவுரும் எங்க பெட்ரூம் செவுரும் ஒண்ணுதானுங்களே. மெஷின் சத்தம் ஒரு பக்கம் கேக்கும், இது ஒரு பக்கம் கேக்கும். எங்க வீட்டுக்காரருக்கும் தெரியும். கீழ் வீட்டுலயும் கேக்குதுன்னு சொன்னாங்க.’

சம்பூர்ணத்துக்கு முதலில் அது விளங்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டது, வாளியை நகர்த்தியது, இருமியது, பொட்டு விழுந்த இடத்தை உள்பக்கமாக மடித்துப் போட்டது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. ‘அப்பறம் ஏனுங்க’ என்றாள். கோபம் மறுபடி கைக்கு ஏறியது, கதவின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். ‘அப்பறம் ஏனுங்க டீச்சர் ஒரு நாளும் வந்து மணி அடிக்கல?’

டீச்சர் கிளிப்பை அழுத்தித் திறந்தாள், மூடினாள்.

‘நீங்க உள்ள இருக்கறீங்களேன்னுதானுங்க’ என்றாள். ‘பெரியவங்க ஒருத்தரு வீட்டுல இருக்கறாங்களே, அவங்க பார்த்துக்குவாங்கன்னு இருந்துட்டோமுங்க.’

கதவு விளிம்பைப் பிடித்திருந்த சம்பூர்ணத்தின் கை கீழே இறங்கியது. பின்னாலிருந்து தாரணி வந்தாள். நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பில் காலை விட்டாள். ஒன்று அவளுடையது, ஒன்று பூபதியுடையது, அவள் கவனிக்கவில்லை. ‘டீச்சர், போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் வருவீங்களா? கேட்டதை அங்க வந்து சொல்லணும்’ என்றாள். பிளந்த உதட்டால் ‘ப’ சொல்ல வரவில்லை, ‘ஹோலீஸ்’ என்றுதான் வந்தது. டீச்சர் தன் வீட்டுக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அங்கே அவள் வீட்டுக்காரர் வாசற்படிக்கு உள்ளேயே நின்றுகொண்டிருந்தார். ‘வரேன் கண்ணு’ என்றாள் டீச்சர், ‘செருப்பு மாட்டிட்டு வந்தர்றேன்.’

லிஃப்ட் மேலே வந்துகொண்டிருந்தது. உள்ளே யுட்டிலிட்டியிலிருந்து பூபதியின் குரல் கேட்டது. ‘அம்மா… அம்மா, கை தூக்க முடியலம்மா.’ காய்ச்சலில் கிடந்து கூப்பிடுகிற குரல். சம்பூர்ணத்தின் உடம்பு அந்தப் பக்கமாகத் தானாகத் திரும்பியது, மார்பு கனத்தது, ஒரு கால் ஹாலுக்குள் போய்விட்டது. லிஃப்ட் கதவு திறந்தது. தாரணி உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை. வீங்காத கண்ணால் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். டீச்சர் வந்து ஏறினாள். ‘அம்மா’ என்றது குரல். சம்பூர்ணம் முந்தானையைத் தேடி இழுத்துத் தோளில் போட்டாள், ஹாலுக்குள் போயிருந்த காலை வெளியே எடுத்தாள், கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு லிஃப்டில் ஏறினாள். கதவு மூடும்வரை அந்தக் குரல் கேட்டது. மூடிய பிறகும் கேட்டது.